முட்டையின் வெப்பமும் பல்லியின் பெயரும்



பல்லியைப் பற்றிப் பேச ஒருவர் வானொலிக்கு வந்திருக்கிறார் என்றதும், கௌளி சாத்திரம் சொல்லப் போகிறார் என்று உங்களிற் சிலர் எண்ணியிருக்கக் கூடும். அதிலே வியப்பில்லை. பல்லி எத்திசையிலிருந்து சொல்லிற்று, உடலில் எவ்விடத்தில் விழுந்தது என்று பார்த்துப் பலன் கூறும் மரபு நம்மிடையே நெடுங்காலமாக இருந்து வருகிறது. காஞ்சிபுரம் வரதராசப் பெருமாள் கோயிலுக்குச் சென்று மீண்டோர், அங்குள்ள பொற்பல்லியையும் வெள்ளிப்பல்லியையும் தொட்டு வணங்கிய செய்தியை வீட்டாரிடம் சொல்லி மகிழ்வதையும் நாம் கண்டிருக்கிறோம். ஆனால், இன்று நான் பேச விரும்புவது பல்லி உரைக்கும் பலனைப் பற்றியன்று. பல்லி இடும் முட்டையைப் பற்றியே. அம்முட்டை கிடந்த இடத்தின் வெப்பம், பிறக்கும் குஞ்சின் நிறத்தை எவ்வாறு மாற்றுகிறது என்பதையும், அந்நிறத்தைப் பார்த்து மனிதர் இடும் பெயர்கள் எவ்வளவு தூரம் நம்பத் தக்கவை என்பதையும் சிறிது ஆராய்வோம்.

நான் கலைப் பட்டதாரி. விஞ்ஞானம் எனக்குரிய துறையன்று. எனினும், சப்ரகமுவ மாகாணத்துத் தோட்டப் பகுதியில் ஒரு பாடசாலையை நடத்துபவனிடம் பிள்ளைகள் துறை பார்த்துக் கேள்வி கேட்பதில்லை. பத்தாம் ஆண்டு மாணவி ஒருத்தி, பிறநாட்டுச் சஞ்சிகையொன்றிலிருந்து கிழித்தெடுத்த பக்கத்தை ஒருநாள் என்னிடம் கொண்டு வந்தாள். மஞ்சள், வெள்ளை, செம்மஞ்சள், கபிலம் எனப் பல நிறப் பல்லிகளின் படங்கள் அதில் இருந்தன. ஒவ்வொன்றின் கீழும் ஒரு பெயர். பெயருக்கு நேரே ஒரு விலை. "சேர், ஒரே தாய் போட்ட இரண்டு முட்டை. ஒரு குஞ்சு கறுப்பாகவும் மற்றது மஞ்சளாகவும் வரலாமா? வந்தால் இரண்டுக்கும் ஒரே பெயரா, வேறு பெயரா?" என்று கேட்டாள். எனக்கு விடை தெரியவில்லை. விஞ்ஞான ஆசிரியரை நாடினேன், நூல்களைப் புரட்டினேன். அவ்வாறு அறிந்தவற்றையே இன்று உங்களோடு பகிர்ந்துகொள்கிறேன்.

அப்படங்களில் இருந்தது நம் வீட்டுச் சுவரில் ஊரும் பல்லியன்று, சிறுத்தைப் பல்லி. ஆப்கானிஸ்தான், பாகிஸ்தான், இந்தியாவின் வடமேற்குப் பகுதி ஆகிய இடங்களின் வறண்ட பாறை நிலங்களே அதன் தாயகம். இலங்கைக் காடுகளில் அது இல்லை. கல்கத்தாவில் ஆசியச் சங்கத்தின் அரும்பொருட்சாலையைக் கவனித்து வந்த எட்வர்ட் பிளைத் என்பவர் 1854ஆம் ஆண்டில் அதற்கு விஞ்ஞானப் பெயர் சூட்டினார். யூபிளெபாரிஸ் மக்குலாரியஸ் என்பது அப்பெயர். நல்ல இமைகளையும் புள்ளிகளையும் உடையது என்பது அதன் பொருள். பெயர் பொருத்தமானதே. நம் வீட்டுப் பல்லிக்கு அசையும் இமை கிடையாது; அது தன் கண்ணை நாவினாலே துடைத்துக்கொள்ளும். சிறுத்தைப் பல்லியோ மனிதரைப் போலக் கண்ணை மூடித் திறக்கும். அதன் விரல்களில் ஒட்டும் தகடு இல்லாமையால் வழுவழுப்பான சுவரில் ஏற மாட்டாது. பருத்த வாலிலே கொழுப்பைச் சேமித்து வைத்துப் பஞ்ச காலத்தைக் கழிக்கும். குஞ்சாயிருக்கையில் உடலிலே கரும்பட்டைகள் இருக்கும். வளர வளர அவை கலைந்து, மஞ்சள் மேனியில் கரும்புள்ளிகளாகும்.

அது ஒரு முறையில் பெரும்பாலும் இரண்டு முட்டைகள் இடும். இட்டபின் தாய் அடைகாப்பதில்லை. நிலத்தின் வெப்பமே அடைகாக்கிறது. அப்படியாயின், மேட்டில் இட்ட முட்டைக்கும் பள்ளத்தில் இட்ட முட்டைக்கும், வெயிலில் கிடப்பதற்கும் நிழலில் கிடப்பதற்கும் கிடைக்கும் வெப்பம் வேறுபடுமன்றோ? அவ்வேறுபாடு குஞ்சு பொரிக்கும் நாளை மட்டுமா மாற்றும் என்று கேட்டால், அன்று. ஆண், பெண் என்பதையே மாற்றும் என்று விஞ்ஞானிகள் கண்டனர்.

மனிதரிடத்தே குழந்தை ஆணா பெண்ணா என்பது கருக்கொண்ட கணத்திலேயே நிறமூர்த்தங்களால் தீர்ந்து விடுகிறது. ஊர்வனவற்றுட் பலவற்றில் அவ்வாறில்லை. 1966ஆம் ஆண்டில், மேற்காபிரிக்காவின் செனகல் நாட்டில் ஆராய்ந்த மடலீன் சார்னியே என்ற பெண்மணி, ஒருவகை ஓணானின் முட்டைகள் எந்த வெப்பத்தில் இருந்தனவோ அதற்கேற்ப ஆணும் பெண்ணும் பிறப்பதை முதலில் எடுத்துக் காட்டினார். பின்னர்ச் சிறுத்தைப் பல்லியும் பரிசோதிக்கப்பட்டது. செல்சியஸ் 26 பாகையில் வைத்த முட்டைகளில் ஏறக்குறைய எல்லாம் பெண்ணாகப் பிறந்தன. 30 பாகையில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு ஆண். 32.5 பாகையில் ஏறத்தாழ நான்கில் மூன்று பங்கு ஆண். 34 பாகைக்கு உயர்த்தினால் மீண்டும் பெரும்பாலும் பெண். அடைகாலத்தின் நடுப்பகுதியிலே, முளையம் உருப்பெற்று வரும் சில வாரங்களில் நிலவும் வெப்பமே இதனைத் தீர்மானிக்கிறது.

இது ஏதோ தொலைதேசத்துப் புதுமை என்று எண்ண வேண்டாம். தமிழ்நாட்டில் மாமல்லபுரத்துக்கு அண்மையில் 1976ஆம் ஆண்டில் நிறுவப்பட்ட சென்னை முதலைப் பண்ணையில் நன்னீர் முதலைகளின் முட்டைகள் ஆராயப்பட்டன. அம்முடிவுகள் 1989ஆம் ஆண்டில் வெளியாயின. 28 பாகை முதல் 31 பாகை வரை பெண் முதலைகளே பிறந்தன, 32.5 பாகையில் ஆண் முதலைகளே பிறந்தன. ஒன்றரைப் பாகை வேறுபாடு ஒரு கூட்டத்தின் பாலையே மாற்றிவிட்டது. நம் தென்கரையில் கொஸ்கொடை, ரெக்காவை ஆகிய இடங்களில் மணலில் முட்டையிடும் கடலாமைகளின் கதையும் இத்தகையதே. மணல் சுட்டால் பெண், குளிர்ந்தால் ஆண். உலகின் வெப்பம் ஏறிவரும் இந்நாளில் இது வேடிக்கைச் செய்தியன்று. அவுஸ்திரேலியாவின் பெரும் பவளத் திட்டின் வடபகுதியில் பிறந்த இளம் பச்சை ஆமைகளுள் நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பதுக்கு மேற்பட்டவை பெண் என்று 2018ஆம் ஆண்டில் ஆய்வாளர் அறிவித்தனர்.

பால் மட்டுமன்று, குணமும் ஓரளவு இவ்வெப்பத்தைச் சார்ந்ததென்று அமெரிக்காவின் டெக்சாஸ் பல்கலைக்கழகத்தில் நடந்த ஆராய்ச்சிகள் காட்டின. ஆண்கள் மிகுதியாகப் பிறக்கும் வெப்பத்தில் பொரித்த பெண் பல்லி, குளிர்ந்த இடத்திற் பொரித்த பெண் பல்லியைக் காட்டிலும் சண்டைக் குணம் மிக்கதாயிருந்தது. இரண்டும் பெண்ணே, வளர்த்தவரும் ஒருவரே, முட்டை கிடந்த பெட்டிதான் வேறு.

இனி, மாணவி கேட்ட நிறத்துக்கு வருவோம். தோலுக்குக் கருமை தருவது மெலனின் என்னும் நிறப்பொருள். குளிர்ந்த அடைப்பெட்டியிலிருந்து வரும் சிறுத்தைப் பல்லிக் குஞ்சுகள் கருமை கூடியும், வெப்பம் மிக்க பெட்டியிலிருந்து வருபவை கருமை குறைந்து மஞ்சள் துலங்கியும் இருக்கின்றன என்பது அவற்றை வளர்ப்போரின் நெடுநாள் அனுபவம். இதற்கு ஒப்பான ஒன்றை நாம் சீயம் நாட்டுப் பூனையிடம் தெளிவாகக் காணலாம். அப்பூனையின் உடல் வெண்மை கலந்திருக்கும். மூக்கு, காது, பாதம், வால் ஆகியன மட்டும் கறுத்திருக்கும். கருமையை உண்டாக்கும் நொதியம் அப்பூனையிடத்தே சூட்டைத் தாங்காதது. உடலின் சூடான நடுப்பகுதியில் அது வேலை செய்யாது. குளிர்ந்த ஓரங்களில் மட்டும் வேலை செய்யும். தாயின் சூடான வயிற்றிலிருந்து வருவதால் குட்டி பிறக்கும்போது முழுவதும் வெளுத்தே இருக்கும். வெப்பம் நிறத்தை எழுதுவதும் அழிப்பதும் இவ்வாறே.

நிற வேறுபாடுகளைப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் ஒரு பெயர் சூட்டி விற்பது இப்பொழுது பல நாடுகளில் பெரிய வாணிகமாகியிருக்கிறது. அப்பெயர்களை ஆராய்ந்தால் அவை ஒரே தன்மையன அல்ல என்பது விளங்கும். சில பெயர்கள் ஒரேயொரு பரம்பரையலகின் மாற்றத்தைக் குறிப்பன. வெண்தோல் வகைக்கு அல்பினோ என்று பெயர். அதிலே ட்ரெம்பர், பெல், ரெயின்வாட்டர் என மூன்று குடிகள் உண்டு. பார்வைக்கு மூன்றும் ஒன்றுபோலவே தோன்றும். ஆனால், ஒரு குடியை வேறொரு குடியுடன் சேர்த்தால் பிறக்கும் குஞ்சுகள் வெளுத்திரா. இயல்பான நிறத்தோடு இருக்கும். ஏனெனில், மூன்று குடிகளிலும் பழுதானவை வெவ்வேறு பரம்பரையலகுகள். கண்ணுக்கு ஒன்றாகத் தோன்றுவது உண்மையில் மூன்று.

வேறு சில பெயர்கள், டாஞ்சரின் என்னும் செம்மஞ்சள் வகையைப் போன்றவை. பல தலைமுறைகளாக நிறம் மிக்கவற்றையே தேர்ந்து இணைத்துப் பெற்றவை. நம் உழவர் நல்ல நெல்லைப் பொறுக்கி விதைக்கெடுத்து வைப்பதைப் போன்ற செயல் அது. இன்னும் சில பெயர்களோ வெப்பத்தின் பெயர்கள். வெண்தோல் வகையின் முட்டையைக் குளிர்ந்த பெட்டியில் வைத்தால் குஞ்சு கபில நிறத்தோடு பிறக்கும். அதற்குச் சொக்கலேட் அல்பினோ என்று ஒரு பெயர் இட்டனர். பெயரைக் கேட்டால் அது தனியொரு குடி என்றே எவரும் நினைப்பர். வாங்கிச் சென்றவர் அதன் முட்டையை வெப்பமான பெட்டியில் வைத்தாராயின், பிறப்பது வெளிறிய குஞ்சு. அவர் ஏமாந்தது பல்லியால் அன்று, பெயரால்.

ஆகவே, ஒரு நிறம் பிறப்பின் வழி வந்ததா, வெப்பத்தின் வழி வந்ததா என்று அறிவது எப்படி? வழி எளிது, பொறுமைதான் வேண்டும். ஒரே தாயின் இரண்டு முட்டைகளையும் இரண்டு பெட்டிகளில், இரண்டு வெப்பங்களில் வைத்துப் பார்க்க வேண்டும். பின், அவற்றின் குஞ்சுகள் வளர்ந்து இடும் முட்டைகளையும் அவ்வாறே வைத்துப் பார்க்க வேண்டும். இரண்டு தலைமுறை காத்திருந்து, அதன் பின்னரே பெயர் சூட்ட வேண்டும். பெயரை முதலில் வைத்துவிட்டு உண்மையைப் பின்னர் தேடினால் துன்பமும் விளையும். லெமன் ஃப்ரோஸ்ட் என்ற அழகிய வகையொன்றை விரும்பிப் பலர் வாங்கினர். நாளடைவில் அவ்வகைப் பல்லிகளிற் பெரும்பாலானவற்றின் தோலில் கட்டிகள் தோன்றின. அந்நிறமும் அந்நோயும் ஒரே பரம்பரையிடத்தோடு தொடர்புடையன என்று கலிபோர்னியப் பல்கலைக்கழக ஆய்வாளர் 2021ஆம் ஆண்டில் வெளியிட்டனர். அழகைக் கண்டு பெயரிட்டோர், அதனுள் இருந்த நோயைக் காணவில்லை.

இரத்தினபுரி நேயர்களுக்கு இக்கதை புதிதாய்த் தோன்றாது. நம் மாவட்டத்து மணிக்கற் குழிகளில் கெவுடா என்னும் கல் கிடைக்கிறது. பால் கலங்கியது போன்ற தோற்றம். ஒரு காலத்தில் அதனை மதிப்பார் இல்லை. 1970களில் தாய்லாந்து வியாபாரிகள் அதனை மலிவாக வாங்கிச் சென்று, 1500 பாகைக்கு மேற்பட்ட சூட்டில் உலையிலிட்டு, நீலக்கல்லாக்கி விற்றனர். கல்லினுள் நுண்ணிய ஊசிகளாய்க் கிடந்த தைத்தேனியம் சூட்டிலே கரைந்து, இரும்போடு சேர்ந்து நீலமளித்தது. நம்மவர் குப்பை என்று பெயரிட்டது, உலையிலிருந்து நீலம் என்ற பெயரோடு வெளிவந்தது. சூடு காட்டிய கல் பொய்க் கல்லன்று. ஆனால், சூடு காட்டியதை வாங்குவோரிடம் ஒளியாது சொல்வதே நாணயமான வியாபாரியின் இலக்கணம். பெயர்களும் அங்கே விந்தையானவை. பதுமராகம் என்றால் தமிழிலே மாணிக்கம். அதே தாமரைச் சொல்லிலிருந்து பிறந்த பத்பரட்ச என்ற பெயரை இன்றைய மணிச் சந்தை, இளஞ்சிவப்பும் செம்மஞ்சளும் கலந்த நீலக்கல் இனத்துக்கு வழங்குகிறது. சொல் ஒன்று, பொருள் இரண்டு.

பெயரும் விலையும் நம் காடுகளையும் விட்டு வைக்கவில்லை. இறக்குவானை மலையிலே மோர்னிங்சைட் என்னும் காட்டில் கொம்பு ஓணான் இனத்தைச் சேர்ந்த இரண்டு ஓணான்கள் வாழ்கின்றன. விஞ்ஞானிகள் அவற்றைப் பிரித்தறிந்து பெயரிட்டது 1998ஆம் ஆண்டிலேயே. அவை உலகில் வேறெங்கும் இல்லை. செல்லப் பிராணியாக விற்பதற்காக இத்தகைய ஓணான்களைக் களவாய்க் கொண்டு செல்வோர் இருந்தமையால், 2019ஆம் ஆண்டில் ஜெனீவாவிற் கூடிய சர்வதேச மாநாட்டில் இலங்கையின் வேண்டுகோளின்படி அவற்றின் வாணிகம் தடைசெய்யப்பட்டது. அக்காட்டை அடுத்த தோட்டங்களில் வாழும் நேயர்களிடம் ஒரு வேண்டுகோள்: வெளியூரார் எவரேனும் வந்து, ஓணான் பிடித்துத் தந்தால் பணம் தருவோம் என்றால், மறுத்துவிடுங்கள், பிள்ளைகளுக்கும் சொல்லி வையுங்கள். சில நூறு ரூபாவுக்காக நம் மலை இழப்பது மீட்க முடியாத செல்வம்.

நேயர்களே, இவ்வளவும் அறிந்தபின் அம்மாணவிக்கு விடை சொன்னேன். "ஒரே தாயின் இரண்டு குஞ்சும் இரண்டு நிறமாய் வரலாம், ஆனால் கிடந்த பெட்டியை விசாரியாமல் பெயர் வைக்கக் கூடாது" என்றேன். அவள் மகிழ்ந்து போனாள். எனக்குத்தான் மனம் அமைதியுறவில்லை. அவளுடைய தமையன் என் நினைவுக்கு வந்தான்.

பல ஆண்டுகளுக்கு முன், நான் வகுப்பாசிரியனாயிருந்த காலத்தில் அவன் என் மாணவன். நாள்தோறும் தாமதித்து வருவான். வந்தால் மேசையிலே தலை சாய்த்து உறங்குவான். கேள்வி கேட்டால் விழிப்பான். ஆண்டிறுதி அறிக்கையில் அவன் பெயருக்கு நேரே, "மந்த புத்தி, முன்னேற்றம் எதிர்பார்ப்பதற்கில்லை" என்று என் கையாலேயே எழுதினேன். எழுதியபோது எனக்குச் சிறிதும் ஐயம் இருக்கவில்லை. பின்னொரு நாள், வேறு காரியமாக அவர்களுடைய லயத்துக்குப் போக நேர்ந்தது. தாயும் தந்தையும் இருள் பிரியுமுன் இறப்பர் வெட்டப் போய்விடுவர். கைக்குழந்தையாயிருந்த இத்தங்கையை எழுப்பி, முகம் கழுவி, பால் புகட்டி, பிள்ளைக் காம்பராவில் விட்டுவிட்டு, அதன் பிறகே இரண்டு மைல் நடந்து பாடசாலைக்கு வருவான் அவன். ஒரே அறை, ஒரே விளக்கு, இரவிலே மழை பெய்தால் ஒழுகாத மூலைக்கு எல்லாரும் நகர்ந்து படுக்க வேண்டும். நான் பார்த்தது நிறம். அவன் கிடந்த பெட்டியை நான் பார்க்கவில்லை.

அதன் பின் செய்தது பெரிய காரியம் ஒன்றுமன்று. காலையில் அவன் வர இயலும் நேரத்துக்கு வர அனுமதித்தோம். மாலையில் வகுப்பறையொன்றைத் திறந்து வைத்து, விளக்கேற்றி, அவனும் அவனைப் போன்ற சிலரும் இருந்து படிக்க இடங்கொடுத்தோம். க.பொ.த. சாதாரண தரப் பரீட்சையில் அவன் கணிதத்தில் திறமைச் சித்தி பெற்றான். இதனைக் கொண்டு எல்லாப் பிள்ளைகளும் ஒரே ஆற்றலோடு பிறக்கிறார்கள் என்று நான் சாதிக்க வரவில்லை. பல்லியிடத்தும் பரம்பரையலகு உண்டு, வெப்பமும் உண்டு. ஒன்றை மட்டும் கொண்டு நிறத்தை விளக்க இயலாது. மனிதப் பிள்ளை பல்லிக் குஞ்சைவிட எத்தனையோ மடங்கு சிக்கலானது. நான் சொல்ல வருவது இவ்வளவே: எது பிறப்பால் வந்தது, எது சூழலால் வந்தது என்பதைச் சோதித்தறியாமல், தோற்றத்தை மட்டும் கண்டு ஓர் உயிருக்குப் பெயரிடுவது விஞ்ஞானமும் அன்று, நீதியும் அன்று.

தோட்டத்துப் பிள்ளைகள் இத்தகைய பெயர்களை நெடுங்காலம் சுமந்தவர்கள். படிப்பு ஏறாது, கணிதம் வராது, எட்டாம் வகுப்போடு நின்றுவிடும் என்றெல்லாம் பிறர் இட்ட பெயர்களை, நாளடைவில் அவர்களுடைய பெற்றோரே நம்பத் தலைப்பட்டனர். அப்பெயரைக் கேட்டே வளரும் பிள்ளை, இறுதியில் தானும் அதனை நம்பி விடுகிறது. பல்லிக்கு அந்த இடர் இல்லை. தனக்கு இட்ட பெயர் இன்னதென்று அது அறியாது.

பெற்றோர்களே, ஆசிரியப் பெருமக்களே! பிள்ளை படிக்கவில்லை என்று தீர்ப்புக் கூறுமுன், அது எத்தனை மணிக்கு எழுகிறது, உண்டு வருகிறதா, எவ்விளக்கின் கீழ்ப் படிக்கிறது, கண் சரியாகத் தெரிகிறதா, கரும்பலகை எழுத்து அதற்கு எட்டுகிறதா என்று கேளுங்கள். இக்கேள்விகளுக்குச் செலவு ஏதும் இல்லை. விடை கிடைத்தபின் பெயரிட அவசியமே இராது என்பது என் அனுபவம்.

நான் எழுதிய அவ்வறிக்கை இன்றும் பாடசாலை அலுமாரியில் இருக்கிறது. பழைய பதிவுகளைத் திருத்த எவருக்கும் உரிமை இல்லை; எனக்கும் இல்லை. புதிய ஆசிரியர் எவரேனும் எங்கள் பாடசாலைக்கு வந்து சேர்ந்தால், அவ்வேட்டை எடுத்து, அந்தப் பக்கத்தை விரித்து, என் கையெழுத்தைக் காட்டிவிட்டே வகுப்பறைக்கு அனுப்புகிறேன்.